குழியில் தோன்றும் நிறம்: விலங்கு மாதிரிகளில் நரம்புப் புரதத்தை அளக்கும் சோதனைப் பெட்டிகள்

கொச்சி மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் மிளகின் தரத்தை அறிய ஓர் எளிய அளவை உண்டு. ஒரு லிட்டர் கொள்ளும் கலத்தில் மிளகை நிரப்பி எடை பார்ப்பார்கள். முற்றிய மணி கனக்கும், பதர் கனக்காது. ‘லிட்டர் எடை’ என்னும் அந்த எண் விலையைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு கொள்கிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே தராசைக் கண்ணால் காண்கின்றனர். ஆகவே எண்ணில் ஐயம் எழுந்தால் மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடலாம்.

மட்டாஞ்சேரிக் கால்வாய்க்கு அக்கரையில் வில்லிங்டன் தீவு இருக்கிறது. 1957-இல் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அத்தீவில் அமைந்துள்ளது. தெற்கே தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம். எர்ணாகுளம் பக்கத்தில் பனம்பள்ளி நகரில், 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பெற்ற கடல்சார் பொருள்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் தலைமையகம். இங்கு பேசப்படும் அளவுகள் வேறு. ஒரு கிலோ இறாலில் ஒரு மைக்ரோகிராம் வேதிப்பொருள் இருந்தால் சரக்கு தப்புமா, தப்பாதா என்பது இங்கு எழும் கேள்வி. அந்த அளவு ஆயிரம் டன் இறாலில் ஒரு கிராம் என்பதற்குச் சமம். எந்தத் தராசும் அதைக் காட்டாது. எந்தக் கண்ணும் காணாது. அதைக் காட்ட வந்த கருவிகளுள் ஒன்றுதான் ‘எலைசா’ எனப்படும் சோதனைப் பெட்டி.

இதே வகைப் பெட்டி மற்றொரு துறையிலும் பரவிவிட்டது. விலங்குகளின் மூளை, தண்டுவட நீர், இரத்தம் ஆகியவற்றில் உள்ள நரம்புப் புரதங்களை அளக்கும் பெட்டிகள் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும், மருந்தியல், நஞ்சியல், சுற்றுச்சூழல் ஆய்வகங்களிலும் இன்று வழக்கத்தில் உள்ளன. மாடு, ஆடு, நாய், எலி, மீன் என ஒவ்வொரு விலங்கின் பெயரையும் ஒட்டிப் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. மாணவர் ஆய்வேட்டுக்காக வாங்குகிறார். அலுவலர் அதற்கான செலவுக்கு ஒப்புதல் அளிக்கிறார். பெட்டி ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் எதைக் குறிக்கிறது, எப்போது அதை நம்பலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

உடலுக்குள் அயற்பொருள் ஒன்று நுழைந்தால், அதை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களை உடல் உருவாக்குகிறது. இவற்றை எதிர்ப்பொருள் என்கிறோம். பூட்டும் சாவியும் போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தையே சிறப்பாகப் பற்றும். இப்பண்பை அளவைக் கருவியாக்கும் முயற்சி 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் வெற்றி கண்டது. ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் கதிரியக்க அடையாளமிட்ட இன்சுலினைக் கொண்டு இரத்தத்திலுள்ள இன்சுலினை அளந்தனர். இதற்காக யாலோவுக்கு 1977-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆயினும் கதிரியக்கப் பொருளைக் கையாளச் சிறப்பு ஏற்பாடுகள் தேவைப்பட்டன.

1971-இல் சுவீடன் நாட்டின் எவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் ஆகிய இருவரும், அதே காலத்தில் நெதர்லாந்தில் மற்றோர் ஆய்வுக் குழுவினரும், கதிரியக்கத்துக்குப் பதிலாக நொதியை அடையாளமாகப் பயன்படுத்தினர். நொதி நிறத்தை உண்டாக்கும். நிறத்தைச் சாதாரண ஒளிமானியால் அளந்துவிடலாம். 1975-இல் கோலர், மில்ஸ்டைன் ஆகியோர் ஒரே வகை எதிர்ப்பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் உற்பத்தி செய்யும் முறையைக் கண்டனர். இவ்விரு கண்டுபிடிப்புகளும் சேர்ந்ததால், தனித்திறன் வாய்ந்த சில ஆய்வகங்களுக்கே உரியதாயிருந்த அளவை முறை, அட்டைப் பெட்டியில் அடைத்து அனுப்பக்கூடிய பண்டமாக மாறியது.

பெட்டியைத் திறந்தால் 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு குழியின் சுவரிலும் ஓர் எதிர்ப்பொருள் முன்னரே ஒட்டப்பட்டிருக்கும். நாய் ஒன்றின் இரத்தத்தில் ‘நியூரோஃபிலமெண்ட்’ என்னும் நரம்புப் புரதத்தை அளப்பதாகக் கொள்வோம். இப்புரதம் நரம்பிழைகளுக்கு உள்ளிருந்து வலுவூட்டும் சட்டகம் போன்றது. நரம்பிழை சிதைந்தால் இது தண்டுவட நீருக்கும், அங்கிருந்து இரத்தத்துக்கும் கசியும். இரத்தத்தின் தெளிநீரைக் குழியில் இட்டால், சுவரிலுள்ள எதிர்ப்பொருள் இப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றாதவற்றைக் கழுவி நீக்குவர். பின்னர் நொதி பிணைந்த இரண்டாவது எதிர்ப்பொருளை இடுவர். அது அதே புரதத்தின் மற்றொரு பகுதியைப் பற்றும். மீண்டும் கழுவியபின் நிறமாகும் பொருளை இட்டால், நொதி அதை நீலமாக்கும். அமிலம் சேர்த்ததும் நீலம் மஞ்சளாகி வினை நின்றுவிடும். புரதம் மிகுதியானால் மஞ்சள் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு இடையே புரதம் அகப்பட்டுக்கொள்வதால் இதனை ‘இடையடுக்கு முறை’ எனலாம்.

நிறத்திலிருந்து எண்ணுக்கு

ஒளிமானி காட்டுவது நிறத்தின் அடர்த்தியை மட்டுமே. புரதத்தின் அளவை அன்று. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குப் பெட்டியில் அளவறிந்த புரதக் கரைசல் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, அதே தட்டில், அதே நேரத்தில் ஓட்டி ஒரு வளைகோடு வரைவர். மாதிரியின் நிறம் அவ்வளைகோட்டில் எங்கு விழுகிறதோ, அதற்கு நேரான அளவே விடையாகும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகும். முதலாவது, வளைகோட்டின் நடுப்பகுதியில் விழும் அளவுகளே உறுதியானவை. இரு முனைகளிலும் கோடு படுத்துவிடுவதால், நிறத்தில் நேரும் சிறு மாற்றம் அளவில் பெரும் மாற்றமாகத் தோன்றும். இரண்டாவது, பெட்டியிலுள்ள தூய புரதமும், இரத்தத்திலோ மூளைக் கரைசலிலோ ஆயிரம் பொருள்களோடு கலந்து கிடக்கும் புரதமும் ஒரே வகையாக நடந்துகொள்ளும் என்று நாம் கருதிக்கொள்கிறோம். இக்கருத்தைச் சோதித்துப் பார்த்தே ஏற்கவேண்டும்.

சோதிக்கும் வழி எளிது. மாதிரியைப் பாதியாகவும், மீண்டும் பாதியாகவும் நீர்க்கச் செய்து அளந்தால் விடைகளும் அதே விகிதத்தில் குறையவேண்டும். அளவறிந்த புரதத்தை மாதிரியில் சேர்த்து அளந்தால், சேர்த்த அளவு ஏறத்தாழ முழுவதும் திரும்பக் கிடைக்கவேண்டும். நூற்றுக்கு 80 முதல் 120 வரை கிடைத்தால் பொதுவாக ஏற்பர். இவ்விரு சோதனைகளுக்கும் ஒரு தட்டில் சில குழிகளே செலவாகும். அவற்றை மிச்சப்படுத்த எண்ணி முழுத் தட்டையும் மாதிரிகளால் நிரப்புவது பொய்ச் சிக்கனம். புரதம் அளவு கடந்து மிகுந்திருந்தாலும் தவறு நேரும். சில பெட்டிகளில் இரண்டு எதிர்ப்பொருள்களையும் ஒருசேர இடுவதுண்டு. அப்போது மிகுதியான புரதம் இரண்டையும் தனித்தனியே நிரப்பிவிட, நிறம் கூடுவதற்கு மாறாகக் குறையும். மாதிரியை நீர்க்கச் செய்து பார்த்தாலன்றி இத்தவறு புலப்படாது.

எந்த விலங்கு?

பெட்டி வாங்குமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது. எதிர்ப்பொருள் பற்றுவது புரதத்தின் சிறு பகுதியையே. அப்பகுதி மனிதனிலும் எலியிலும் மாட்டிலும் ஒன்றாக இருந்தால், மனிதனுக்காகச் செய்த பெட்டி மாட்டுக்கும் பயன்படலாம். அப்பகுதி சற்றே மாறியிருந்தால் எதிர்ப்பொருள் தளர்வாகப் பற்றும். விடை குறைவாக வரும். முற்றிலும் மாறியிருந்தால் பற்றவே பற்றாது. பாலூட்டிகளிடையே நியூரோஃபிலமெண்ட் பெரிதும் ஒத்திருக்கிறது. மீன்களில் வேறுபாடு கூடுதல். இறாலை எடுத்துக்கொண்டால் நிலை முற்றிலும் வேறு: கணுக்காலிகளின் நரம்பிழைகளில் நியூரோஃபிலமெண்ட் என்னும் அமைப்பே கிடையாது.

ஆயினும் இறாலின் நரம்புக் கரைசலை அப்பெட்டியின் குழியில் இட்டால் ஓரளவு நிறம் தோன்றக்கூடும். கழுவுதல் போதாமை, வேறு புரதங்கள் சுவரில் ஒட்டுதல், திசுவிலேயே உள்ள நொதிகள் எனக் காரணங்கள் பல. ஒளிமானி அந்நிறத்தையும் எண்ணாக்கும்; கணிப்பொறி அதையும் புள்ளிக்குப்பின் மூன்று இலக்கத்தோடு அச்சிடும். இல்லாத பொருளுக்கும் அளவு தருவதற்குக் கருவி தயங்காது, தயங்கவேண்டியவர் ஆய்வாளர்.

அளவின் சிறுமையும் கருதத்தக்கது. நலமான ஒருவரின் இரத்தத்தில் நியூரோஃபிலமெண்ட் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம் முதல் சில பத்துப் பிக்கோகிராம் வரையே இருக்கும். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு மைக்ரோகிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண எலைசாவுக்கு இது எட்டாத அளவாக இருக்கலாம். தனி மூலக்கூறுகளையே எண்ணத்தக்க நுண்கருவிகள் பின்னர் வந்த பிறகே இரத்தத்தில் இதை நம்பகமாக அளக்க முடிந்தது. மூளைத் திசுவுக்கோ தண்டுவட நீருக்கோ பொருந்தும் பெட்டி இரத்தத்துக்கும் பொருந்தும் என்று கருதுவது தவறு.

அளவா, வடிவா, செயலா?

இரண்டாம் கேள்வி இன்னும் நுட்பமானது. ஒரே புரதம் நல்ல வடிவிலும் கெட்ட வடிவிலும் இருக்கலாம்; செயல்படும் நிலையிலும் செயலிழந்த நிலையிலும் இருக்கலாம். பெட்டி அவற்றுள் எதை அளக்கிறது?

இதற்கு உலகம் அறிந்த சான்று, செய்தித்தாள்கள் ‘பைத்தியப் பசு நோய்’ என்று பெயரிட்ட மாட்டு மூளை நோயாகும். பிரிட்டனில் 1986-இல் இந்நோய் கண்டறியப்பட்டது. இறந்த விலங்குகளின் இறைச்சி, எலும்பு ஆகியவற்றை அரைத்த தூளை மாட்டுத் தீவனத்தில் கலந்ததே அது பரவியதற்குக் காரணம். 1996-இல் மனிதருக்கும் இதனோடு தொடர்புடைய மூளை நோய் வந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது. நோயை உண்டாக்குவது கிருமி அன்று. ‘பிரியான்’ என்னும் நரம்புப் புரதமே உருத்திரிந்து நோயாகிறது. இக்கருத்தை 1982-இல் வெளியிட்ட ஸ்டான்லி புருசினர் 1997-இல் நோபெல் பரிசு பெற்றார்.

2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம், உணவுக்காக அறுக்கப்படும் 30 மாதத்துக்கு மேற்பட்ட மாடுகளின் மூளைத் தண்டைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. இதற்கான பெட்டிகளைச் செய்தவர்கள் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொண்டனர். நலமான மாட்டின் மூளையிலும் அதே புரதம் நிறைய இருக்கிறது. அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள்கள் இரண்டு வடிவங்களையும் பற்றின. எனவே, புரதத்தைச் செரிக்கும் ஒரு நொதியை முதலில் மாதிரியில் சேர்த்தனர். நல்ல வடிவம் முற்றிலும் செரித்துப்போகும். நோய் வடிவம் ஓரளவு தாங்கி நிற்கும். எஞ்சியதை எதிர்ப்பொருளால் கண்டறிந்தனர். செரிப்பு குறைந்தால் நலமான மாடு நோயுற்றதாகத் தோன்றும். மிகுந்தால் நோயுற்ற மாடு தப்பிவிடும். இவ்வாறு, பெட்டியின் தீர்ப்பு எதிர்ப்பொருளைப் போலவே அதற்கு முன் நடக்கும் தயாரிப்பையும் சார்ந்திருந்தது. இந்தியாவில் இந்நோய் கண்டறியப்பட்டதில்லை. உலக விலங்கு நல நிறுவனம் 2010-இல் நம் நாட்டை இந்நோய்க்கான இடர் மிகக் குறைந்த நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

மற்றொரு சான்று நம் நீர்நிலைகளைச் சார்ந்தது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்தும் பொருள் அசிட்டைல்கோலின். செய்தி சேர்ந்தவுடன் அதைச் சிதைத்து வழியைத் துப்புரவாக்கும் நரம்புப் புரதம் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் இந்நொதியின் செயலிடத்தில் சென்று அமர்ந்து அதை முடக்குகின்றன. குட்டநாட்டு வயல்களின் நீர் வேம்பநாட்டுக் காயலில் வடிகிறது. அக்காயலோ கொச்சித் துறையின் வழியே கடலைச் சேர்கிறது. இத்தகைய நீரில் பூச்சிமருந்து மீனைத் தாக்கியுள்ளதா என்று அறிய, மீன் மூளையில் இந்நொதியை அளப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையாகும்.

ஆனால் பூச்சிமருந்து நொதியை அழிப்பதில்லை, முடக்குகிறது. நொதியின் நிறை அப்படியே இருக்கிறது. செயல் மட்டும் நிற்கிறது. ஆகவே, நொதியின் நிறையை அளக்கும் எலைசாப் பெட்டியை வாங்கிய ஆய்வாளர், சாகும் நிலையிலுள்ள மீனிலும் ‘இயல்பான அளவு’ என்ற விடையைப் பெறக்கூடும். அவருக்கு வேண்டியது செயலை அளக்கும் சோதனை. 1961-இல் ஜார்ஜ் எல்மன் வெளியிட்ட முறை அதைச் செய்கிறது: நொதி எவ்வளவு வேகமாகத் தன் பணியைச் செய்கிறதோ அவ்வளவு வேகமாக மஞ்சள் நிறம் கூடும். இரண்டு பெட்டிகளின் மேலும் ஒரே நொதியின் பெயர் எழுதியிருக்கும். அவை விடையளிக்கும் கேள்விகள் வேறு வேறு. இதிலும் ஓர் எல்லை உண்டு. டி.டி.டி. இந்நொதியைத் தாக்குவதில்லை, நரம்பின் சோடியம் வாயில்களையே தாக்குகிறது. ஆகவே நொதி இயல்பாக இருப்பது, நீரில் எந்தப் பூச்சிமருந்தும் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

2024 மே மாதத்தில் கொச்சியை அடுத்த ஏலூர், எடையார்ப் பகுதியில் பெரியாற்று மீன்கள் திரளாகச் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தோர் பெரும் இழப்புக்கு ஆளாயினர். நீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருதியது. அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் மிகுந்திருந்ததைக் கேரள மீன்வள, கடலாய்வுப் பல்கலைக்கழகம் எடுத்துக்காட்டியது. இத்தகைய நேரங்களில் எதை அளப்பது, எப்போது மாதிரி எடுப்பது என்பதை முன்னரே தீர்மானித்து வைத்திருப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. செத்த மீன் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே மூளை நொதிகள் சிதையத் தொடங்கிவிடும். பனிக்கட்டியில் வைத்து உடனே கொண்டுவரப்படாத மாதிரிக்கு எந்தப் பெட்டியும் நீதி செய்ய இயலாது.

கொச்சியின் பட்டறிவு

பெட்டி தரும் எண் ஆய்வேட்டோடு நின்றுவிட்டால் தவறின் விலை குறைவு. அவ்வெண் ஒருவரது வாழ்வைத் தீர்மானிக்கும்போது என்ன நேரும் என்பதைக் கொச்சியின் கடல் உணவு ஏற்றுமதித் துறை கண்டிருக்கிறது.

1997-இல் பதனிடும் கூடங்களின் சுகாதாரக் குறைபாடுகளைச் சுட்டி ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவுக்குச் சில மாதங்கள் தடை விதித்தது. கூடங்கள் பெரும் செலவில் சீரமைக்கப்பட்டன. அடுத்து, 2002-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆசிய நாடுகள் பலவற்றின் வளர்ப்பு இறாலில் குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகிய மருந்துகளின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. முன்னது அரிதாக உயிர்க்கொல்லியான இரத்தச் சோகையை உண்டாக்கக்கூடியது. பின்னதன் எச்சங்கள் புற்றுநோய் பற்றிய அச்சத்துக்குரியவை. 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம், இவற்றைக் கண்டறியும் முறைகள் எட்டவேண்டிய அளவாகக் குளோராம்பெனிகாலுக்குக் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராமையும், நைட்ரோபியூரான் எச்சங்களுக்கு 1 மைக்ரோகிராமையும் வகுத்தது. 2022 நவம்பர் இறுதி முதல் இவை முறையே 0.15, 0.5 எனப் பாதியாகக் குறைக்கப்பட்டன. இடையே 2016-இல், இந்திய வளர்ப்பு இறால் சரக்குகளில் சோதிக்கப்படும் பங்கை அவ்வொன்றியம் நூற்றுக்கு 10-இலிருந்து 50-ஆக உயர்த்தியது.

நாடெங்கும் உள்ள குளங்களைச் சோதிக்க எலைசாப் பெட்டியே கைகொடுத்தது. கடலோர மாநிலங்களில் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் எலைசா ஆய்வகங்களை அமைத்து, அறுவடைக்கு முன்பே இறாலைச் சோதித்துச் சான்று வழங்க ஏற்பாடு செய்தது. இங்கு பயன்படுவது இடையடுக்கு முறை அன்று. மருந்து மூலக்கூறு மிகச் சிறியது. இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒருசேரப் பற்ற அதில் இடமில்லை. ஆகவே ‘போட்டி முறை’ கையாளப்படுகிறது. நொதி பிணைந்த மருந்தும், மாதிரியிலுள்ள மருந்தும் ஒரே எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடும். மாதிரியில் மருந்து மிகுந்தால் நிறம் குறையும். மருந்தே இல்லையெனில் நிறம் முழுமையாகும். நரம்புப் புரதப் பெட்டியில் பழகிய மாணவர் இத்தட்டைப் பார்த்தால் நேர்மாறாகப் படித்துவிடக்கூடும்.

எச்சத்தைத் தேடும் இடமும் கருதத்தக்கது. நைட்ரோபியூரான் உடலில் விரைவில் சிதைந்துவிடும். அதன் எச்சம் திசுப் புரதத்தோடு பிணைந்து வாரக்கணக்கில் தங்கும். அமிலத்தால் அதைப் பிரித்து, வேறொரு வேதிப்பொருளோடு சேர்த்துப் பருமனாக்கிய பின்னரே எதிர்ப்பொருள் அதைப் பற்றும். இவ்வேலை பெரும்பாலும் ஓர் இரவு முழுவதும் நடக்கும். இவ்வெச்சங்களுள் ஒன்றான செமிகார்பசைடு, மருந்தே காணாத இறால் இனங்களின் ஓட்டிலும் இயற்கையாக இருப்பதைப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டனர். வேம்பநாட்டுக் காயலுக்குப் பெயர்பெற்ற பெரிய ஆற்று இறாலும் அவற்றுள் ஒன்று. ஓட்டோடு அரைத்துச் சோதித்தால் குற்றமற்ற இறாலும் குற்றவாளியாகும். ஓட்டை நீக்கித் தசையை மட்டும் சோதித்தால் உண்மை தெரியும். எந்தத் திசு என்னும் மூன்றாம் கேள்வி எவ்வளவு கனமானது என்பதை இது காட்டும்.

சல்லடையும் தீர்ப்பும்

எலைசா ஒரு சல்லடை. ஐயத்துக்குரியவற்றைப் பிரித்தெடுப்பதே அதன் பணி. இறுதித் தீர்ப்பு வழங்குவது அன்று. மாசுற்றது தப்பிவிடக்கூடாது என்பதற்காகச் சல்லடையின் கண்களைச் சிறியனவாக வைப்பர். அதனால் குற்றமற்ற சிலவும் அதில் சிக்கும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 1000 குளங்களில் 10 மட்டுமே உண்மையில் மாசுற்றவை என்று கொள்வோம். பெட்டி அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது. தூய குளங்களில் நூற்றுக்கு இரண்டைத் தவறாகச் சுட்டுகிறது. எஞ்சிய 990 குளங்களில் ஏறத்தாழ 20 தவறாகச் சுட்டப்படும். சுட்டப்பட்ட 30 குளங்களுள் 20 குற்றமற்றவை! நூற்றுக்கு 98 சரியாகச் சொல்லும் பெட்டியிலும் நிலை இதுவே.

ஆகவேதான், எலைசா சுட்டிய மாதிரியை நிறமாலை வழியே மூலக்கூறின் எடையையும் உடைந்த துண்டுகளையும் கண்டறியும் நிறைமானிக் கருவியால் உறுதிப்படுத்தவேண்டும் என்று பன்னாட்டு விதிகள் வற்புறுத்துகின்றன. நாகப்பட்டினத்திலோ நெல்லூரிலோ கடன் வாங்கிக் குளம் அமைத்து, மூன்று நான்கு மாதங்கள் இரவுபகலாகக் காத்த விவசாயிக்கு அந்த உறுதிச் சோதனை அறிவியல் நுணுக்கம் மட்டுமன்று, நியாயமும் அதுவே. மறுபுறம், உண்மையில் மாசுற்ற ஒரே சரக்கு தப்பிச் சென்று அயல்நாட்டுத் துறைமுகத்தில் பிடிபட்டால், அதன் சுமை மருந்தையே தொடாத ஆயிரம் விவசாயிகள்மீது விழுகிறது. சல்லடையும் வேண்டும், தீர்ப்பு மன்றமும் வேண்டும். ஒன்றன் பணியை மற்றொன்றிடம் ஒப்படைக்கக்கூடாது.

எளிய பெட்டிகளுக்கும் இவ்விதி பொருந்தும். மீனில் ஃபார்மலினும் அமோனியாவும் கலந்திருப்பதைச் சில நிமிடங்களில் காட்டும் தாள்பட்டைச் சோதனையை வில்லிங்டன் தீவின் மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை எல்லைச் சாவடிகளில் மீன் சரக்குகளைச் சோதிக்க இது பெரிதும் உதவியது. எனினும் சில மீன் இனங்களில், குளிரூட்டிச் சேமிக்கும்போது, ஃபார்மால்டிஹைடு சிறிதளவு தானாகவே உண்டாகும். எனவே கலப்படம் என்று வழக்குத் தொடுக்குமுன் ஆய்வகச் சோதனை இன்றியமையாததாகும்.

அலுவலரும் மாணவரும் செய்யவேண்டியவை

பெட்டியின் விலை மட்டுமே கொள்முதல் முடிவை ஆளும்போது இடர் தொடங்குகிறது. ஒப்பந்தப்புள்ளியில் புரதத்தின் பெயரோடு விலங்கின் பெயர், திசுவின் பெயர், எதிர்பார்க்கும் அளவின் வரம்பு ஆகியவை எழுதப்படவேண்டும். அவ்விலங்கிலும் அத்திசுவிலும் பெட்டி சோதிக்கப்பட்டதற்கான சான்றைக் கேட்டுப் பெறவேண்டும். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று பொறித்த பெட்டியின் விடையைக் கொண்டு நோய்க்குறி கூறுவதோ, சரக்கை நிராகரிப்பதோ முறையன்று.

இப்பெட்டிகளுள் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் காக்கவேண்டும். தொலைவிலிருந்து வரும் பெட்டி விமான நிலையத்தில் நாள்கணக்கில் காத்திருந்தாலும், மின்தடையின்போது குளிர்ப்பெட்டி ஓய்ந்தாலும் எதிர்ப்பொருள் நலியும். அதன் விளைவு அளவறிந்த கரைசலின் வளைகோட்டில் தெரியும். ஆகவே ஒவ்வொரு தட்டின் வளைகோட்டையும் பதிவேட்டில் காத்துவருதல் நல்லது. நிதியாண்டின் இறுதியில் மொத்தமாக வாங்கிக் காலாவதியாக விடுவதைக் காட்டிலும், தேவைக்கேற்பத் தவணையில் வாங்குதல் சிக்கனம். தொகுதி எண் மாறும்போதெல்லாம் பழைய மாதிரி ஒன்றைப் புதிய பெட்டியில் மீண்டும் அளந்து ஒப்பிடவேண்டும். நுண்குழாய்களின் அளவுத் திருத்தம், தேசிய அங்கீகார வாரியத்தின் தரச் சான்று, பிற ஆய்வகங்களோடு ஒப்பீட்டுச் சோதனை ஆகியவற்றுக்கான செலவு பெட்டியின் விலையோடு சேர்த்தே திட்டமிடப்படவேண்டும்.

மாணவர்கள் ஆய்வேட்டில் பெட்டியின் பெயரை எழுதுவதோடு நின்றுவிடாமல், தொகுதி எண், மாதிரியை நீர்க்கச் செய்த அளவு, திரும்பக் கிடைத்த விழுக்காடு, இருமுறை அளந்ததன் வேறுபாடு ஆகியவற்றையும் எழுதவேண்டும். எதிர்பார்த்த விடை வராதபோது பெட்டியைக் குறைகூறுவதும், வந்தபோது அதை ஐயமின்றி ஏற்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

எதிர்ப்பொருள்களை உருவாக்கும் அறிவும் வசதியும் நம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் உள்ளன. நம் நாட்டு மாட்டினங்களுக்கும், நம் காயல்களின் மீன்களுக்கும் பொருந்தும் பெட்டிகளை இங்கேயே செய்து, இங்குள்ள மாதிரிகளிலேயே சோதித்துப் பார்ப்பது செலவைக் குறைப்பதோடு விடையின் நம்பகத்தையும் உயர்த்தும்.

மட்டாஞ்சேரித் தராசின் சிறப்பு, இருதரப்பாரும் அதை நேரில் கண்டு மீண்டும் நிறுத்துப் பார்க்க முடிவதே. குழியில் தோன்றும் மஞ்சள் நிறத்தை விவசாயி காண்பதில்லை. நோயுற்ற விலங்கின் உரிமையாளரும் காண்பதில்லை. அவர்களுக்காகப் பார்ப்பவர் ஆய்வகத்தார். எந்த விலங்கு, எந்த வடிவம், எந்தத் திசு என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை வைத்திருந்து, கேட்டால் மீண்டும் அளந்து காட்ட ஆயத்தமாக இருக்கும் ஆய்வகத்தின் எண்ணே நம்பிக்கைக்கு உரியதாகும்.